குடியரசுத் தலைவரும் அமைச்சரவை இலாகாக்களும் – ஒரு பார்வை

(இரண்டாமாண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு; ஊர்: இனயம்)

முன்னுரை

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று யூனியன் செயலாளர் என்னைக் கேட்டபோது, "லேத், மில்லிங் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதைத்தான் தினமும் படிக்கிறோமே, வேற ஏதாவது எழுது" என்றார். என் மனதில் பல வருஷமாகக் கிடந்த ஒரு விஷயம் உண்டு. அதையே எழுதுகிறேன். தலைப்பைப் பார்த்துவிட்டு "இது ஆர்ட்ஸ் காலேஜ் பாடமாச்சே" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நமக்கும் இதில் வேலை இருக்கிறது.

2017 நவம்பர் 29 இரவு ஓகி புயல் வந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கடலுக்குப் போயிருந்த என் சித்தப்பா திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சில மாதம் கழிந்து பாட்டி என்னை அருகில் உட்கார வைத்துக் கேட்டார்: "எல்லாருக்கும் மேல ஆரு இருக்காவ, மக்களே?"

"ஜனாதிபதி, பாட்டி."

"அப்போ அவியளுக்கே ஒரு கடுதாசி எழுது."

பாட்டி சொல்லச் சொல்ல எழுதினேன். மகனைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். அது முடியாது என்றால் மற்ற படகுகளுக்காவது கரையோடு பேச ஒரு கருவி தர வேண்டும். இதுதான் மனு. சிங்க முத்திரை போட்ட ஒரு பதில் வந்தது. 'தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காக உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பக்கத்து வீட்டு ஆசிரியர் படித்துச் சொன்னார். பாட்டி அதை வேதப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்தார். எனக்கோ கோபம்! எல்லாருக்கும் மேலே இருப்பவர் ஏன் இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும்? அவரே ஒரு உத்தரவு போடக் கூடாதா?

போடக் கூடாது என்பதுதான் நம் அரசியல் சட்டம். அது ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அரசனும் ஆலோசகரும்

ஆள்பவருக்கு ஆலோசனை சொல்ல ஆள் வேண்டும் என்பது தமிழனுக்குப் புதிய செய்தி அல்ல. திருக்குறளில் 64-வது அதிகாரமே 'அமைச்சு' தான். ஆனால் ஆலோசனை சொல்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி ஒன்று இருக்கிறது.

நம்ம பாட்டா காலத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே மகாராஜாவுக்கு ஆலோசனை சொல்பவர் திவான். அவரை நியமிப்பது மகாராஜா. அவர் பதில் சொல்ல வேண்டியதும் மகாராஜாவுக்கே. ஜனங்களுக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். ஜனங்கள் எதிர்த்தார்கள். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவர் மேல் கொலைத் தாக்குதல் நடந்தது. அடுத்த சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். ஒரே ஒருவரின் ஆலோசனையில் ஒரு நாடே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த பாடம் இது. பிறகு 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) இணைந்தது அனைவரும் அறிந்ததே.

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது?

53-வது பிரிவு மத்திய அரசின் நிர்வாக அதிகாரம் முழுவதையும் குடியரசுத் தலைவரிடம் கொடுக்கிறது. அதைப் படித்தால் அவரே எல்லாம் என்று தோன்றும். ஆனால் 74-வது பிரிவு, அவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் பிரதமரைத் தலைவராகக் கொண்ட ஒரு அமைச்சரவை இருக்கும் என்கிறது. 75-வது பிரிவின்படி அந்த அமைச்சரவை மொத்தமாக மக்களவைக்குப் பொறுப்பு. மக்களவை நம்மால் தேர்ந்தெடுக்கப்படுவது. ஆக, ஆலோசனை சொல்பவர் சுற்றி வந்து நம்மிடம்தான் பதில் சொல்ல வேண்டும். திவானுக்கும் பிரதமருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அந்த ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டுமா? முதலில் சட்டத்தில் அப்படி வெளிப்படையாக எழுதியிருக்கவில்லை. 1974-ல் ஷம்சேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, குடியரசுத் தலைவரும் ஆளுநரும் சில விதிவிலக்குகள் தவிர அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1976-ல் 42-வது திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதியது. 1978-ல் 44-வது திருத்தம் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்தது. அதாவது, "இதை மறுபடியும் யோசியுங்கள்" என்று குடியரசுத் தலைவர் ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். யோசித்த பிறகு மீண்டும் வந்தால் அதன்படி நடக்க வேண்டும்.

அந்தக் கதவைத் திறந்தவர்களும் உண்டு. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வேண்டும் என்று அமைச்சரவை பரிந்துரைத்தது. கே.ஆர். நாராயணன் அதைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதைக் கைவிட்டது. 1998 செப்டம்பரில் பீகார் விஷயத்திலும் அவர் அப்படியே செய்தார். 1999 பிப்ரவரியில் பீகாருக்காகப் பரிந்துரை மீண்டும் வந்தபோது கையெழுத்துப் போட்டார். மசோதாவைத் திருப்பி அனுப்ப 111-வது பிரிவு தனியாக இருக்கிறது. நம் ராமேஸ்வரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை அப்துல் கலாம், ஆதாயம் தரும் பதவி பற்றிய மசோதாவை 2006-ல் அப்படித்தான் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றியதும் ஒப்புதல் கொடுத்தார். இருவருமே எளிய குடும்பத்திலிருந்து படிப்பால் உயர்ந்தவர்கள். வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்று கேலி செய்பவர்கள் இதை நினைக்க வேண்டும்.

இலாகா என்பது என்ன?

அமைச்சரவை என்றால் சுமார் எண்பது பேர் வரை இருக்கலாம். (மக்களவை எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2003-ல் 91-வது திருத்தம் கட்டுப்படுத்தியது.) இவர்களில் காபினெட் அமைச்சர்கள் சிலரே வாரந்தோறும் போலக் கூடி முடிவெடுக்கிறார்கள். இவர்கள் எல்லாம் தெரிந்த பண்டிதர்களா? இல்லை. அவர்களுக்குப் பின்னால் இலாகாக்கள் இருக்கின்றன.

எந்த வேலை எந்த இலாகாவுக்கு என்பதை 1961-ஆம் ஆண்டின் பணி ஒதுக்கீட்டு விதிகள் சொல்கின்றன. அந்த வேலையை எப்படி நடத்த வேண்டும் என்பதை அதே ஆண்டின் பணி நடத்தை விதிகள் சொல்கின்றன. நம் ஒர்க்‌ஷாப் மாதிரி யோசித்துப் பாருங்கள். ஒரு ஜாப் முடிய வேண்டுமானால் மார்க்கிங், கட்டிங், டர்னிங், ஃபைலிங் என்று வரிசை இருக்கிறது. ஒரு கோப்புக்கும் அப்படியே வரிசை உண்டு. பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார். அது சார்புச் செயலர், துணைச் செயலர், இணைச் செயலர் என்று ஏறிச் செயலரிடம் போய், அமைச்சரிடம் வரும். பெரிய விஷயமானால் அமைச்சரவைக் குறிப்பு தயாராகும். சம்பந்தப்பட்ட மற்ற இலாகாக்களுக்கும் அதை அனுப்பிக் கருத்து கேட்க வேண்டும். பணம் என்றால் நிதி அமைச்சகம், சட்டம் என்றால் சட்ட அமைச்சகம். அதன் பிறகே அமைச்சரவைச் செயலகம் வழியாகக் கூட்டத்துக்கு வரும். முடிவைக் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிப்பது 78-வது பிரிவின்படி பிரதமரின் கடமை.

கடைசியில் ஆணை யார் பெயரில் வரும்? 77-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பெயரில். மாநிலத்தில் ஆளுநர் பெயரில். நம் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் தமிழ்நாடு அரசாணை நகலின் கடைசியைப் பாருங்கள். '(ஆளுநரின் ஆணைப்படி)' என்று இருக்கும்; அதன் கீழே அரசுச் செயலாளர் பெயர் இருக்கும். முதல் வருஷத்தில் ஒரு நண்பன், "ஆளுநரே உக்காந்து நம்ம ஸ்காலர்ஷிப்பைப் பாத்தாராடே?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம். ஆனால் பதில் யாருக்கும் தெரியவில்லை! பெயர் ஆளுநருடையது, வேலை இலாகாவுடையது. இதுதான் பதில்.

வரிசையைத் தாண்டினால்?

இத்தனை வரிசை எதற்கு, சீக்கிரம் முடிக்கலாமே என்று நமக்குத் தோன்றும். 1975 ஜூன் 25 இரவு அப்படித்தான் சீக்கிரம் முடிந்தது. பிரதமர் இந்திரா காந்தி, அமைச்சரவையைக் கூட்டாமலேயே நெருக்கடி நிலைக்குப் பரிந்துரை அனுப்பினார். அவசரத்தில் விதிகளைத் தளர்த்தப் பிரதமருக்கு இடம் கொடுக்கும் 12-வது பணி நடத்தை விதி அதற்குக் காரணம் காட்டப்பட்டது. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அன்றிரவே கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில்தான். மற்ற அமைச்சர்களும் இலாகாக்களும் கேள்வி கேட்பதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது. 21 மாதங்கள் நாடு அதை அனுபவித்தது.

அதனால்தான் 1978-ன் 44-வது திருத்தம், அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் வந்தால் அன்றி நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யக் கூடாது என்று 352-வது பிரிவில் சேர்த்தது. நம் அரசியல் சட்டத்தில் 'காபினெட்' என்ற சொல் நுழைந்ததே அப்போதுதான்! ஆகவே வரிசை என்பது வெறும் தாமதம் அல்ல. அது ஒரு சேஃப்டி வால்வ். பாய்லர் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரும் அமைச்சரவையும்

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை, இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்கக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. ஒன்பது வயதில் 'அமைச்சரவை' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அப்போதுதான். அதுவும் கடற்கரையில் கூடிய கூட்டத்தில்.

அரசு சொன்ன காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தியாவின் கண்டெய்னர்களில் பல கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறிப் போகின்றன. அந்த வருமானம் நமக்கே கிடைக்கட்டும், சர்வதேசக் கப்பல் பாதையும் பக்கத்தில் இருக்கிறது என்றார்கள். எங்கள் ஜனங்கள் சொன்ன காரணமும் பொய்யல்ல. அலைத்தடுப்புச் சுவர் ஓரிடத்தில் கட்டினால் இன்னோரிடத்தில் கரை அரிக்கும். இனயம், இனயம்புத்தன்துறை, ராமன்துறை, மிடாலம் என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் கரை இது. வள்ளத்தை எங்கே ஏற்றுவது? வலையை எங்கே காய வைப்பது? போராட்டம் பல மாதம் நடந்தது. பின்னர் திட்டத்தின் இடம் கிழக்கே கோவளம் – கீழமணக்குடி பக்கம் மாற்றப்பட்டது. அங்கேயும் எதிர்ப்பு எழுந்தது. இனயத்தில் துறைமுகம் வரவில்லை.

'கொள்கை அளவில்' என்ற சொல்லுக்கு அர்த்தம் அன்று எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. நாளைக்கே வீட்டை இடிப்பார்கள் என்று பயந்து பாட்டி ரெண்டு நாள் சோறு சாப்பிடவில்லை. அது கடைசி உத்தரவு அல்ல, சுற்றுச்சூழல் அனுமதி, நிலம், நிதி என்று இன்னும் பல இலாகாக்களின் வாசல் இருக்கிறது என்று சொல்ல எங்கள் வீட்டில் படித்தவர் யாரும் இல்லை.

இன்னொன்றும் யோசியுங்கள். அன்று டெல்லியில் கப்பலுக்கு என்று ஒரு தனி அமைச்சகம் இருந்தது. மீனுக்கு என்று இல்லை. வேளாண் அமைச்சகத்துக்குள் கால்நடை, பால்வளம் ஆகியவற்றோடு சேர்ந்து மூன்றாவதாக மீன்வளம் இருந்தது. கப்பலின் தேவையைச் சொல்ல ஒரு முழு வாய். வலையின் தேவையைச் சொல்ல மூன்றில் ஒரு வாய்.

ஒரு படகு, ஆறு இலாகா

ஓகி புயலில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு படகு கடலில் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். டெல்லியில் எத்தனை கதவைத் தட்ட வேண்டும்?

1. புயல் எச்சரிக்கை – வானிலைத் துறை – புவி அறிவியல் அமைச்சகம்.
2. தேடும் கப்பலும் விமானமும் – கடற்படை, கடலோரக் காவல் படை – பாதுகாப்பு அமைச்சகம்.
3. பேரிடர் மீட்பு, நிவாரணம் – உள்துறை அமைச்சகம்.
4. படகு வேறு நாட்டுக் கரையில் ஒதுங்கினால் – வெளியுறவு அமைச்சகம்.
5. சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ள அனுமதி – தொலைத்தொடர்புத் துறை.
6. மீன்பிடித் தொழில் – அன்று வேளாண் அமைச்சகம்.

இதற்கு மேல் மாநில அரசு வேறு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசு. எங்கள் ஆட்கள் சீலாவையும் சுறாவையும் தேடிப் போவது அந்த 12 மைலுக்கு வெகு தூரம் அப்பால்! நடுராத்திரி மகனைக் காணாமல் கரையில் நிற்கும் ஒரு தாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எல்லாருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கு எழுதலாம்.

பாட்டியின் மனு டெல்லியிலிருந்து 'உரிய துறைக்கு' அனுப்பப்பட்டதன் அர்த்தம் எனக்கு இப்போது புரிகிறது. அது தட்டிக் கழித்தது அல்ல. ஜனாதிபதி தானாக உத்தரவு போட்டால் அவர் மகாராஜா ஆகிவிடுவார். ஆலோசனை எங்கிருந்து பிறக்க வேண்டுமோ அங்கே மனு போனது. குறை எங்கள் மனுவில்தான் இருந்தது. அதில் கண்ணீர் இருந்தது. படகின் பதிவு எண் இல்லை. எந்தத் துறைமுகத்திலிருந்து, எந்தத் தேதியில், எத்தனை பேர் என்பதும் இல்லை. பத்து வயதுப் பையனுக்கு அது தெரியவில்லை.

தனி இலாகா வந்தது

மீனவர்கள் தனி அமைச்சகம் கேட்டது நீண்ட காலக் கோரிக்கை. 2019 பிப்ரவரியில் மத்திய அரசில் மீன்வளத்துக்குத் தனித்துறை உருவானது. அதே ஆண்டில் மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளம் ஆகியவற்றுக்கென்று வேளாண்மையிலிருந்து பிரிந்த தனி அமைச்சகமும் வந்தது. 2020-ல் 20,050 கோடி ரூபாய் மதிப்பில் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. இஸ்ரோ உருவாக்கிய கருவி அது. செல்போன் எட்டாத தூரத்திலும் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கும் படகுக்கும் செய்தி போய் வரும். பாட்டி கேட்ட கருவி ஏறக்குறைய இதுதான்!

இலாகா வந்ததாலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கரையில் இன்னும் குறைகள் உண்டு. ஆனால் கோப்பு எழுத ஒரு மேசை வந்தது. அந்த மேசை இல்லாவிட்டால் அமைச்சரவைக்குக் குறிப்பு போகாது. குறிப்பு போகாவிட்டால் ஆலோசனை இல்லை. ஆலோசனை இல்லாவிட்டால் ஜனாதிபதியின் கையெழுத்தும் இல்லை.

நினைவில் கொள்ள

* பிரிவு 74 – அமைச்சரவை குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்லும்; ஒரு முறை மறுபரிசீலனை கேட்கலாம்.
* பிரிவு 75 – அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு.
* பிரிவு 77 – ஆணைகள் குடியரசுத் தலைவர் பெயரில். பணி விதிகளும் இதன் கீழே.
* பிரிவு 78 – முடிவுகளைத் தெரிவிப்பது பிரதமரின் கடமை.
* பிரிவு 163 – மாநிலத்தில் ஆளுநருக்கு அமைச்சரவை ஆலோசனை. (பேரறிவாளன் வழக்கில் 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை செய்த பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது.)

முடிவுரை

2024 கடைசியில் அப்பா பெயரில் நான் இன்னொரு மனு எழுதினேன். இந்தத் தடவை ஜனாதிபதிக்கு அல்ல, மீன்வளத்துறைக்கு. வள்ளத்தின் பதிவு எண், இன்ஜின் விவரம், கேட்கும் திட்டத்தின் பெயர் எல்லாம் வரிசையாக, ஒரே பக்கத்தில். குறிப்பிட்ட நாளில் படகின் காகிதங்களோடு வரச் சொல்லிப் பதில் வந்தது. அப்பா சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த அலுவலர், "மனு யார் எழுதினது?" என்று கேட்டார். "எம் மவன், டிப்ளமோ படிக்கான்" என்று அப்பா சொன்ன அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் படிக்கிறேன் என்று தோன்றியது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பு. நம் தெருவில் யாருக்காவது மனு எழுத வேண்டி வந்தால் நம்மைத்தான் தேடி வருவார்கள். எந்த இலாகா என்று கேட்டு, விவரத்தோடு எழுதிக் கொடுப்போம். நாளை நம்மில் சிலர் ஓவர்சியராகவும், வரைவாளராகவும், இளநிலைப் பொறியாளராகவும் அரசு மேசையில் உட்காருவோம். ஒரு கடல் அரிப்புச் சுவரின் நீளத்தை அளந்து முதல் குறிப்பு எழுதப் போவது நாமாகக்கூட இருக்கலாம். அந்த அளவு தவறினால், மேலே ஏறும் கோப்பு முழுவதும் தவறும். நாட்டின் முதல் குடிமகனுக்குச் சொல்லப்படும் ஆலோசனை அமைச்சரவை மேசையில் முடிகிறது. ஆனால் தொடங்குவது இப்படி ஒரு சின்ன மேசையில்தான்.

பாட்டியின் வேதப் புத்தகத்தில் அந்தப் பதில் கடிதம் இன்னும் இருக்கிறது. விடுமுறைக்குப் போனபோது அதை எடுத்து, ஒவ்வொரு வரியாக அவருக்கு விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ அவிய நம்மள விட்டுறல்ல, இல்லியா மக்களே?" என்றார்.

"விடல்ல, பாட்டி" என்றேன்.